வடிகட்டியில் சிக்காத நஞ்சு

கண்ணாடி விரியன் கடித்து அரசு மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு, உடம்பில் நஞ்சு ஏறியிருப்பது உறுதியானதும் முதல் தவணையாகப் பத்துக் குப்பி நச்சுமுறி மருந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு குப்பிப் பொடியையும் 10 மில்லி நீரில் கரைத்தால் மொத்தம் 100 மில்லி. அது சலைனோடு கலந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் நேராக ரத்தத்தில் இறங்குகிறது. தடுப்பூசி என்றால் அரை மில்லி, அதுவும் தசைக்குள் போகும். இங்கே அதைப்போல் 200 மடங்கு, குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதக் கரைசல், ரத்தக் குழாய்க்குள்ளேயே போகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அத்தனை சாவுகளுக்கு எதிராகவும் பாம்பின் நஞ்சையே நேரடியாக முறிக்கும் மருந்து இது ஒன்றுதான். எனவே இதன் தூய்மை உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தத் தூய்மையைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் மனத்தில் வருவது தொழிற்சாலையின் கடைசி அறை: கண்ணாடிக் கதவு, முகக்கவசம், நுண்ணிய வடிகட்டி, மூடி போடும் இயந்திரம். அந்த அறை வேண்டியதுதான். ஆனால் பாக்டீரியாவைத் தடுக்கும் வேலை அங்கே தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். பாம்பின் வாயில், குதிரை லாயத்தில், தண்ணீர்க் குழாயில், பிளாஸ்மா காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அது நடந்திருக்க வேண்டும். ஏன் அப்படி என்பதற்கான காரணம் பாக்டீரியாவின் உடற்கூறிலேயே இருக்கிறது.

நச்சுமுறி மருந்து ஒரு புரதம். கத்தரிக்கோலையும் துணிக்கட்டையும் ஆட்டோகிளேவில் 121 டிகிரிக்குச் சூடாக்கிக் கிருமி நீக்குவதுபோல் இதைச் சூடாக்க முடியாது. புரதம் உறைந்து வீணாகிவிடும். ஆகவே 0.22 மைக்ரான் துளை கொண்ட வடிகட்டி வழியே கரைசலைச் செலுத்துகிறார்கள். பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதைவிடப் பெரியவை, சிக்கிக்கொள்ளும். வடிகட்டியதைக் கிருமியற்ற சூழலில் குப்பிகளில் நிரப்பி, உறையவைத்து உலர்த்தி மூடுகிறார்கள். பிறகு, ஒரு தொகுதியிலிருந்து வழக்கமாக 20 குப்பிகளை எடுத்து, வளர்ப்பூடகத்தில் இட்டு, 14 நாள் வைத்து ஏதேனும் முளைக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்தக் கடைசிச் சோதனையின் பேரில் நமக்கு இருக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒரு குப்பி கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் 20 குப்பிகளில் கெட்டது ஒன்றுகூட அகப்படாமல் போக 82 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது, அப்படிப்பட்ட ஐந்து தொகுதிகளில் நான்கு இந்தச் சோதனையைத் தாண்டிச் சந்தைக்குப் போய்விடும். சோதனை செய்பவர்களின் கவனக்குறைவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இருபது என்ற எண்ணின் எல்லை அவ்வளவுதான். கிருமியின்மையைச் சோதித்து உண்டாக்க முடியாது, செய்முறைக்குள் வைத்துத்தான் உண்டாக்க வேண்டும்.

குதிரைச் சீரம் மருந்துகளின் வரலாற்றில் இந்தப் பாடத்தின் முதல் பாதியை உலகம் கற்றது 1901இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நஞ்சை ஜிம் என்ற குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்துவந்தார்கள். அந்தக் குதிரைக்கு டெட்டனஸ் வந்து அதைக் கொன்றார்கள். ஆனால் நோய் வெளித்தெரியும் முன்பே எடுத்திருந்த ரத்தத்தின் சீரம் போதிய சோதனையின்றி மருத்துவர்களிடம் போய்விட்டது. குணமாக்க வேண்டிய மருந்தால் 13 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது. உரிமம், ஆய்வாளர், தேதியிட்ட முத்திரை என்று இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் பலவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. இரண்டாம் பாதியைக் கற்க இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஊசி போட்ட பிறகு காரணமில்லாமல் நடுக்கமும் காய்ச்சலும் வருவதை மருத்துவர்கள் நெடுநாள் கண்டிருந்தார்கள். அது மருந்தின் குணம், உப்பின் குணம் என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். 1920களில் ஃபுளோரன்ஸ் சீபர்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர், காய்ச்சலுக்குக் காரணம் காய்ச்சி வடித்த நீரில் இருந்த பாக்டீரியாக்கள் விட்டுச்சென்ற பொருள் என்று காட்டினார். பாக்டீரியா செத்த பிறகும், நீரைக் கொதிக்கவைத்த பிறகும் அந்தப் பொருள் வேலை செய்தது.

அதை எண்டோடாக்சின் என்கிறோம். தமிழில் உள்நச்சு என்று சொல்லலாம். ஈ. கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகடிவ் வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரே கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த இந்த மூலக்கூறுகளால் ஆனது. பாக்டீரியா உயிரோடிருக்கும்போது கொஞ்சம் உதிரும், செத்து உடையும்போது மொத்தமாகக் கொட்டும். ஆட்டோகிளேவின் சூடு அதை ஒன்றும் செய்யாது. கண்ணாடிக் குப்பியில் ஒட்டியிருப்பதை அழிக்க 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும், மருந்துப் புரதத்தை அப்படி வைக்க வழியில்லை. 0.22 மைக்ரான் வடிகட்டியின் துளை அதற்கு அகன்ற வாசல். நம் உடம்போ அதைக் கண்டால் படையெடுப்பு நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் அபாய அறிவிப்பு செய்ய, அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு உதறும், காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், சிறு குழந்தைகளுக்கு வலிப்பும் வரலாம். இதற்கு வேண்டிய அளவு எவ்வளவு தெரியுமா? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு மணி நேரத்தில், ஐந்து அலகுக்கு மேல் போகக் கூடாது என்பது ஊசி மருந்துகளுக்கான பொது வரம்பு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 250 அலகு. எடையாகச் சொன்னால் ஏறத்தாழ 25 நானோகிராம், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 25 பங்கு.

இப்போது நச்சுமுறி மருந்தின் அளவை இதோடு பொருத்திப் பாருங்கள். 250 அலகை 100 மில்லியில் பங்கிட்டால் மில்லிக்கு இரண்டரை அலகுதான் அனுமதி. பாம்புக்கடிச் சிகிச்சையில் இன்னொரு விதி உண்டு: குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்துதான். கடித்த பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை, முறிக்க வேண்டிய நஞ்சின் அளவு ஒன்றே. ஆகவே 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கும் அதே 100 மில்லி. அந்தக் குழந்தைக்கு வரம்பு 75 அலகு, அதாவது மில்லிக்கு முக்கால் அலகு. ஒரு அலகு உள்நச்சு உண்டாகப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் பாக்டீரியாக்கள் போதும். வளமான ஊட்டமும் இதமான வெப்பமும் கிடைத்தால் ஈ. கோலை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிளக்கும். ஒரு மில்லி திரவத்தில் ஒரே ஒரு பாக்டீரியா விழுந்து, ஏழு மணி நேரம் அப்படிப் பெருகினால் அது 20 லட்சத்தைத் தாண்டிவிடும். குறைந்த மதிப்பீட்டிலேயே மில்லிக்கு 20 அலகு. அதற்குப் பிறகு வடிகட்டினால் 20 லட்சமும் வடிகட்டியில் நின்றுவிடும், கிருமியின்மைச் சோதனையில் அந்தத் தொகுதி தேறிவிடும். குழந்தைக்கான வரம்பைப்போல் 25 மடங்குக்கு மேல் உள்நச்சு குப்பிக்குள் இருக்கும். கெட்டுப்போன பாலைக் காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர நல்ல பால் திரும்பாது. ஆகவேதான் வடிகட்டிக்கு வந்துசேரும் திரவத்தில் எத்தனை பாக்டீரியா இருந்தது என்ற கேள்வி, வடிகட்டியைத் தாண்டி எத்தனை வந்தது என்ற கேள்விக்குச் சற்றும் குறையாதது.

அப்படியானால் அவை எங்கிருந்து வருகின்றன? தொடக்கம் பாம்பின் வாய். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, நாட்டின் நச்சுமுறி தயாரிப்பாளர்களுக்குத் தந்துவருகிறது. இருளர்களின் கைத்திறன் இல்லாமல் இந்த மருந்தே இல்லை என்று சொன்னால் மிகையாகாது. பாம்பு எலியை முழுதாக விழுங்குகிறது, விழுங்கப்படும் எலியின் மலமும் மயிரும் பாம்பின் வாய்க்குள் தங்குகின்றன. எனவே அங்கே குடல்வாழ் பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. நஞ்சே கிருமிகொல்லிதானே, அதில் பாக்டீரியா எப்படி வாழும் என்று கேட்கலாம். நஞ்சிலுள்ள சில நொதிகளுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் உண்டு என்பது உண்மை. ஆனால் அது முழுக் காப்பு இல்லை. ஆப்பிரிக்க நஞ்சுமிழும் நாகத்தின் நஞ்சிலேயே உயிர்வாழத் தகவமைந்த பாக்டீரியாக்களைப் பிரிட்டனின் நார்த்தம்பிரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து 2022இல் வெளியிட்டார்கள். நஞ்சு எடுக்கும் கலத்தின் தூய்மை, எடுத்த உடனே குளிரவைத்தல், தாமதமின்றி உறையவைத்து உலர்த்துதல் ஆகியவற்றில் தளர்ச்சி கூடாது என்பதற்கு இது போதுமான சான்று.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: அந்த நஞ்சு, எதிர்ப்பொருள் உண்டாவதற்காகக் குதிரைக்குள் அல்லவா செலுத்தப்படுகிறது? குதிரையின் உடம்பே பாக்டீரியாவை அழித்துவிடுமே, குப்பிக்கு அது எப்படி வரும்? நேராக வராது என்பது சரி. சுற்றி வருகிறது. கிருமி கலந்த நஞ்சைத் தோலுக்கடியில் செலுத்தினால் அந்த இடத்தில் சீழ்க்கட்டி வரும். உள்நச்சுக்குக் குதிரை மிக எளிதில் நோயுறும் விலங்கு, காய்ச்சலில் துவண்டுபோகும். சீழ் கட்டிய குதிரையிலிருந்து ரத்தம் எடுத்தால் ரத்தத்திலேயே பாக்டீரியா இருக்கக்கூடும். அதைவிட நுட்பமான இழப்பு ஒன்றும் உண்டு. குதிரையின் எதிர்ப்பாற்றல், ஊசியில் வந்த பாக்டீரியாக்களுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் செய்துவைக்கும். நச்சுமுறியில் உள்ள எதிர்ப்பொருளில் பாம்பு நஞ்சைப் பற்றுவது ஏற்கெனவே சிறு பகுதிதான். பயனற்ற பங்கு கூடக் கூட, அதே நஞ்சை முறிக்க அதிகக் குப்பிகள் தேவைப்படும். அதிகக் குப்பி என்றால் அதிகக் குதிரைப் புரதம், நோயாளிக்கு அதிக ஒவ்வாமை. நஞ்சுக் கரைசலையும் வடிகட்டிக் கிருமி நீக்கிச் செலுத்துவது, ஊசி போடும் இடத்தை மழித்துத் துடைப்பது, ஒரே இடத்தில் நிறையச் செலுத்தாமல் பல இடங்களில் சிறிது சிறிதாகச் செலுத்துவது எல்லாம் குதிரைக்குச் செய்யும் கருணை என்பதோடு மருந்தின் தரத்துக்கும் அடிப்படை. ரத்தம் எடுக்கும் கட்டத்திலும் இதே கதைதான். திறந்த கலங்களில் ரத்தத்தை வாங்கி, தானாகப் படியவிட்டு, பிளாஸ்மாவை மேலிருந்து உறிஞ்சி எடுப்பது பழைய முறை. மனித ரத்த வங்கியைப்போல் ஒன்றோடொன்று இணைந்த மூடிய பைகளில் எடுப்பது புதிய முறை. பிரித்த சிவப்பணுக்களைக் குதிரைக்கே திரும்ப ஏற்றிவிடுகிறார்கள், அதனால் குதிரை சோகைபிடிக்காமல் இருக்கிறது. அந்தச் சிவப்பணுப் பையில் கிருமி புகுந்திருந்தால் குதிரையின் உயிருக்கே ஆபத்து.

பிளாஸ்மாவுக்குப் பிறகு தண்ணீர். இதை நான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேசப்படாத குற்றவாளி இதுதான். பிளாஸ்மாவைப் பெப்சின் நொதியால் அமிலத்தில் செரிக்கவைத்து, எதிர்ப்பொருளின் வால்பகுதியை வெட்டி நீக்குகிறார்கள். பிறகு அம்மோனியம் சல்பேட் உப்பால் படியவைத்து, மீண்டும் கரைத்து, உப்பை நீக்கக் கழுவிக் கழுவி எடுக்கிறார்கள். செரிமானத்தின் அமிலம் பல பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும். அமிலம் நடுநிலைக்கு வந்தபின் நடக்கும் கழுவல்களில்தான் பெரும் ஆபத்து. புரதம் நிறைந்த திரவம், ஏராளமான தண்ணீர், நீண்ட நேரம். சூடோமோனாஸ் வகைகள் கிட்டத்தட்ட ஊட்டமே இல்லாத காய்ச்சி வடித்த நீரிலும் பிழைக்கும், குழாய் உட்சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாமல் தொடர்ந்து உள்நச்சை உதிர்க்கும். ஊசி மருந்துக்கான நீரைத் தொட்டியில் தேங்கவிடாமல் 70 டிகிரிக்கு மேல் சூடாக ஓடவிட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கழுவும் சவ்வுகள் சிறிய மூலக்கூறுகளை வெளியேற்றிப் பெரியதைத் தக்கவைப்பவை. உள்நச்சு மூலக்கூறுகள் நீரில் ஒன்றோடொன்று திரண்டு எதிர்ப்பொருளைவிடப் பெரிய உருண்டைகளாகிவிடுவதால், மருந்தோடு மருந்தாக அதுவும் தங்கிவிடுகிறது. மருந்தைச் செறிவாக்கும் ஒவ்வொரு முறையும் உள்நச்சும் செறிவாகிறது.

பதப்படுத்தியாக ஃபீனாலும் கிரெசாலும் சேர்க்கிறார்களே, அது போதாதா என்பது வழக்கமாக எழும் மறுப்பு. நோயாளிக்குத் தீங்கு செய்யாத அளவில் சேர்க்கும்போது அவை பாக்டீரியாவின் பெருக்கத்தை அடக்கும். ஆனால் வித்துகளை அழிக்காது, ஏற்கெனவே உதிர்ந்த உள்நச்சைத் தொடவும் தொடாது. அளவைக் கூட்டினால் புரதம் கலங்கும், பத்துக் குப்பி ஏற்றும்போது ஃபீனாலும் பத்து மடங்காக ஏறும். தூய்மைக் குறைவை ஈடுகட்டும் கருவியாகப் பதப்படுத்தியைக் கையாளக் கூடாது என்பதே என் கருத்து.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நச்சுமுறியால் வரும் எதிர்விளைவுகளில் பெரும்பங்கு குதிரைப் புரதத்தால் வருவது, உள்நச்சால் அல்ல, பிறகு ஏன் இதற்கு இவ்வளவு பாடு? இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், நச்சுமுறி பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கு உடனடி எதிர்விளைவு வந்தது. இலங்கை நம்பியிருப்பது இந்தியத் தயாரிப்பை. முன்கூட்டியே சிறிய அளவு அட்ரினலின் கொடுத்தபோது கடுமையான எதிர்விளைவுகள் முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தன. புரதத்தின் பங்கு பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குதிரைப் புரதத்தை மருந்திலிருந்து நீக்க முடியாது, அதுதான் மருந்தே. உள்நச்சு அங்கே இருக்க எந்தத் தேவையும் இல்லை. மேலும் கட்டிலருகே நிற்கும் மருத்துவருக்கு இரண்டும் கலந்தே தெரிகின்றன. உதறலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் ஒவ்வாமையா, உள்நச்சா, பாம்பு நஞ்சா என்று அந்த நிமிடத்தில் பிரித்தறிய முடியாது. சொட்டு நிறுத்தப்படும், நஞ்சு முறிய வேண்டிய நேரம் கழியும். அப்படி இரண்டொரு முறை கண்ட சிறிய மருத்துவமனை, மூன்றாவது நோயாளிக்கு மருந்தைத் தொடாமல் பெரிய ஊருக்கு அனுப்பிவிடும். அந்தப் பயணத்தில் உயிர் போகிறது.

விலை கூடிவிடும், தட்டுப்பாடு வரும் என்பதும் புறந்தள்ளத் தக்க வாதம் அன்று. 2008 ஜனவரியில் நல்ல உற்பத்தி நெறிகளுக்கு இணங்கவில்லை என்று கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் மூன்றின் உரிமங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. தடுப்பூசி வழங்கல் ஆட்டம் கண்டது, 2010இல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. கதவைப் பூட்டுவது தூய்மையைக் கொண்டுவரவில்லை, மருந்தைத்தான் நிறுத்தியது. ஆப்பிரிக்காவில் ஃபாவ்-ஆஃப்ரிக் என்ற நல்ல நச்சுமுறி, தயாரித்த நிறுவனம் கைவிட்டதால் 2016க்குப் பிறகு கிடைக்காமல் போனது. ஆனால் முன்கட்டங்களைத் தூய்மையாக்கும் வழிகள் எல்லாமே செலவைக் கூட்டுபவை என்பது சரியான கணக்கு ஆகாது. கோஸ்டா ரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் 1990களில் கேப்ரிலிக் அமில முறையைச் செம்மைப்படுத்தியது. தேங்காய் எண்ணெயிலும் இருக்கும் இந்தக் கொழுப்பமிலத்தைச் சேர்த்தால் வேண்டாத புரதங்கள் மட்டும் படிந்துவிடும், எதிர்ப்பொருள் கரைசலிலேயே நிற்கும். படியவைத்துக் கரைக்கும் பல சுற்றுகளுக்குப் பதில் ஒரே படி. மனிதக் கை படும் தருணங்கள் குறைகின்றன, திரவம் காத்திருக்கும் மணிநேரங்களும் குறைகின்றன, விளைச்சலும் நன்றாக இருக்கிறது. பெரிய பொருளாதார வலிமை இல்லாத ஒரு சிறு நாட்டின் பொது நிறுவனம் செய்துகாட்டிய வேலை இது.

அளக்கும் கருவியும் கையில் இருக்கிறது. குதிரைலாட நண்டின் நீலநிற ரத்தம் உள்நச்சு பட்டால் கட்டியாகிவிடும் என்று அமெரிக்காவில் ஃபிரெடெரிக் பேங்கும் ஜாக் லெவினும் 1950, 60களில் கண்டறிந்ததிலிருந்து, முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் பார்க்கும் பழைய முறையைவிட நுட்பமாக அளக்க முடிகிறது. நண்டைத் துன்புறுத்தாமல், அதே புரதத்தை ஆய்வகத்தில் உருவாக்கும் வழியைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். நச்சுமுறிக் கரைசலின் அடர்ந்த புரதமும் ஃபீனாலும் இந்தச் சோதனையில் குறுக்கிடும், தக்கபடி நீர்த்து, சரிபார்த்துச் செய்ய வேண்டும். கிராம்-பாசிடிவ் பாக்டீரியாக்களின் கழிவு இதில் தெரியாது என்பதால் இது மட்டும் முழு விடையும் ஆகாது. ஆனாலும் கடைசிக் குப்பியில் மட்டும் அளப்பதை விட்டு, நஞ்சுக் கரைசல், பிளாஸ்மா பை, கழுவும் நீர், வடிகட்டிக்கு முந்தைய திரவம் என ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தால், பிழை எங்கே நுழைந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும், தொகுதி முழுவதையும் இழக்கவும் வேண்டியிராது.

இதைச் செய்யவைக்கும் வலிமை மருந்து வாங்குபவரிடம் இருக்கிறது. இந்தியாவில் நச்சுமுறியைப் பெருமளவில் வாங்குவது மாநில அரசுகள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம். ஒப்பந்தப்புள்ளியில் குப்பியின் விலையோடு, வடிகட்டும் முன் இருந்த பாக்டீரியா எண்ணிக்கை, ஒவ்வொரு கட்டத்திலும் திரவம் காத்திருந்த நேரம், ஒரு மில்லியில் உள்ள உள்நச்சின் அளவு ஆகியவற்றைத் தொகுதிவாரியாகக் கேட்கலாம். கேட்கும்போது உள்நச்சுக்கான வரம்பை 50 கிலோ மனிதருக்குக் கணக்கிட்ட இரண்டரை அலகில் வைக்காமல், 15 கிலோ குழந்தைக்குக் கணக்கிட்ட முக்கால் அலகில் வைக்க வேண்டும்.